எதிரியின் பாய்மரம்

1799 மே 23ஆம் தேதி, 'ஸ்விஃப்ட்ஷர்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் கேப்டன் பெஞ்சமின் ஹாலோவெல் தன் அட்மிரலுக்கு ஒரு பரிசு அனுப்பினார். ஆளுயரச் சவப்பெட்டி. கூடவே ஒரு கடிதம். 'லோரியான்' கப்பலின் நடுப்பாய்மரத்தில் செய்த பெட்டி இது, உலக வாழ்க்கை உங்களுக்கு அலுத்துப்போகும் நாளில் நீங்கள் வென்ற பொருளுக்குள்ளேயே உங்களை அடக்கம் செய்யலாம், அந்த நாள் வெகு தூரத்தில் இருக்கட்டும் என்பது கடிதத்தின் சாரம். பெட்டியின் அடியில் சான்றிதழ் போல ஒரு தாளும் ஒட்டியிருந்தது. இதிலுள்ள மரமும் இரும்பும் முழுக்க முழுக்க லோரியானுடையவை என்று ஹாலோவெல் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆணிகூட வெளியிலிருந்து வாங்கியதில்லை.

பரிசைப் பெற்றவர் ஹொரேஷியோ நெல்சன். அப்போது வயது நாற்பது. வலது கண்ணில் பார்வை கிடையாது, வலது கை கிடையாது, நெற்றியில் ஆறிய தழும்பு. உயிரோடிருக்கும் மனிதருக்கு, அதுவும் மேலதிகாரிக்கு, சவப்பெட்டி அனுப்புகிற துணிச்சல் எந்த ஊரிலும் எல்லோருக்கும் வந்துவிடாது. பெற்றவர் கோபப்படவில்லை. சந்தோஷமாக வாங்கிவைத்துக்கொண்டார்.

நெல்சனைப் பற்றி நூலகம் நூலகமாக எழுதிவிட்டார்கள். இந்தப் பெட்டியின் கதையை மட்டும் தனியாகப் பிடித்துக்கொண்டு போனால், அவரைப் பற்றி வேறு ஒன்று புலப்படுகிறது. அவருடைய புகழில் பெரும்பங்கு பிறரிடமிருந்து வந்த பொருள்களால் கட்டியது. 1797இல் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் ஸ்பானிய அட்மிரலின் வாளைக் கைப்பற்றியவர், அதைத் தன் சொந்த மாவட்டமான நார்ஃபோக்கின் நாரிச் நகரத்துக்கு அனுப்பிவைத்தார். கைப்பற்றிய பொருளை எங்கே வைத்தால் ஊர் பேசும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியில் அவர் உடம்பே எதிரியின் மரத்துக்குள் போனது. அந்த மரமோ இன்னொருவருக்காகச் செய்த கல்லுக்குக் கீழே போனது.

மரத்தின் கதை பிரான்சின் துலோன் துறைமுகத்தில் தொடங்குகிறது. கப்பற்கட்டுமானத்தில் அந்தக் காலத்தின் பெரிய மூளை என்று சொல்லத்தக்க ழாக்-நோயெல் சானே வரைந்த திட்டப்படி 118 பீரங்கிகள் கொண்ட ஒரு மூன்றடுக்குக் கப்பலைக் கட்டி, 1791 ஜூலையில் அங்கே கடலில் இறக்கினார்கள். பிரெஞ்சுப் புரட்சி தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தாலும் அரசர் இன்னும் அரசராகத்தான் இருந்தார். பட்டத்து இளவரசரைக் குறிக்கும் 'தோஃபான் ரோயால்' என்று கப்பலுக்குப் பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே முடியாட்சி கவிழ்ந்தது. இளவரசர் பெயரை வைத்துக்கொண்டு குடியரசுக் கப்பல் எப்படி ஓடும்? பாரிஸ் தெருக்களின் ஏழைப் புரட்சிக்காரர்களைச் சொல்லும் 'சான்-குலோத்' என்று மாற்றினார்கள். 1795இல் புரட்சியின் சூடு தணிந்ததும் அந்தப் பெயரும் சங்கடமானது. கீழ்த்திசையைக் குறிக்கும் 'லோரியான்' என்று மூன்றாவது பெயர் வந்தது. நான்கே வருடத்தில் மூன்று பெயர். பிரான்சின் அந்த ஆண்டுகளை இந்தப் பெயர்ப்பட்டியலை வைத்தே சொல்லிவிடலாம்.

அத்தனை பெரிய கப்பலின் நடுப்பாய்மரம் ஒற்றை மரமாக இருக்க முடியாது. அவ்வளவு பருமனும் உயரமும் எந்தக் காட்டிலும் ஒரே அடியில் கிடைப்பதில்லை. பல பைன் மரங்களைச் செதுக்கி ஒன்றோடொன்று கவ்வவைத்து, இரும்புப் பட்டைகளால் இறுக்கிச் செய்வார்கள். ஹாலோவெல்லின் தச்சருக்குப் பின்னாளில் மரத்தோடு இரும்பும் கிடைத்தது அதனால்தான்.

நெல்சன் அந்தப் பாய்மரத்தை முதன்முதலில் பார்த்தது எகிப்தில் அல்ல. 1795 மார்ச்சில் ஜெனோவா கடற்பகுதியில் 'அகமெம்னான்' என்ற சிறிய கப்பலின் கேப்டனாக, சேதமடைந்து இழுபட்டுக்கொண்டிருந்த 'சா இரா' என்ற பிரெஞ்சுக் கப்பலை விடாமல் விரட்டி அடித்துக்கொண்டிருந்தார். அதற்குக் காவலாகப் பக்கத்தில் வந்துகொண்டிருந்தவற்றுள் ஒன்று 'சான்-குலோத்'. அகமெம்னானில் இருந்தது 64 பீரங்கி. மூன்றடுக்கில் 118 பீரங்கியைத் தாங்கிய மலையை அப்போது தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

1798 மே 19ஆம் தேதி அந்தக் கப்பல் துலோனிலிருந்து கிளம்பியது. மேல்தளத்தில் அட்மிரல் ப்ருவேய், கேபினில் நெப்போலியன் போனபார்ட். போகிற வழியில் மால்டாவைப் பிடித்து, அங்கிருந்த செயின்ட் ஜான் வீரத்துறவிகளின் வெள்ளியையும் பொன்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஜூலை தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் படை இறங்கியது. எகிப்தைப் பிடித்து, அங்கிருந்து செங்கடல் வழியாக இந்தியாவில் பிரிட்டிஷ் வியாபாரத்தின் குரல்வளையில் கைவைப்பது நெப்போலியனின் கனவுகளில் ஒன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் பிரெஞ்சு உதவிக்குக் காத்திருந்தார்.

இந்தக் கணக்கு நெல்சனுக்குப் புரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை. நார்ஃபோக்கின் பர்னம் தோர்ப் என்ற கிராமத்தில் பாதிரியாரின் மகனாக 1758இல் பிறந்தவர் அவர். ஒன்பது வயதில் தாயை இழந்து, பன்னிரண்டு வயதில் தாய்மாமன் மாரிஸ் சக்லிங்கின் கப்பலில் சேர்ந்தார். பதினைந்து வயதில் 'சீஹார்ஸ்' கப்பலில் வந்து இறங்கிய துறைமுகங்களில் சென்னையும் ஒன்று. 1774 மே மாதம், கத்திரி வெயிலில். சோழமண்டலக் கரை நெடுக வணிகக் கப்பல்களுக்குக் காவல் போவது அந்த வருடத்து வேலை. அடுத்த ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்தோடு பம்பாய்க்குப் போகும் வழியில் ஹைதர் அலியின் கப்பல்கள் தாக்க, முதன்முறையாகப் பீரங்கிச் சண்டையைப் பார்த்தார். பிறகு மலேரியா வந்து, ஆள் தேறுவாரா என்ற நிலையில் 1776இல் ஊருக்கு அனுப்பினார்கள். இந்தியா என்றால் எத்தனை தூரம், எத்தனை பணம் என்பதை அவர் உடம்பால் தெரிந்துவைத்திருந்தார்.

1798இல் நெல்சனும் அவர் கேப்டன்களும் இந்தப் பிரெஞ்சுப் படையைத் தேடி மத்தியதரைக் கடல் முழுக்க அலைந்து, ஒருமுறை அவர்களுக்கு முன்பாகவே அலெக்சாந்திரியாவுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி, கடைசியில் ஆகஸ்ட் 1 பிற்பகலில் அபுகிர் விரிகுடாவில் கண்டுபிடித்தார்கள். பதின்மூன்று பிரெஞ்சுக் கப்பல்கள் கரையோரம் வரிசையாக நங்கூரமிட்டிருந்தன. பொழுது சாயப்போகிறது, தெரியாத கடல், ஆழம் குறித்த நம்பகமான வரைபடம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் விடியட்டும் என்றுதான் காத்திருப்பார்கள். நெல்சன் காத்திருக்கவில்லை. வரிசைக்கும் கரைக்கும் நடுவே கப்பல் புகாது என்று ப்ருவேய் நம்பியிருந்த இடைவெளியில் சில பிரிட்டிஷ் கப்பல்கள் புகுந்துவிட்டன. நங்கூரத்தில் கட்டுண்டு நின்ற கப்பல்கள் இரண்டு பக்கமும் அடி வாங்கின.

அட்மிரல் ப்ருவேய் ஏற்கெனவே காயம்பட்டிருந்தார். பிறகு ஒரு குண்டு அவர் உடம்பைக் கிட்டத்தட்ட இரண்டாக்கியது. கீழே கொண்டுபோக வந்தவர்களை விலக்கிவிட்டு மேல்தளத்திலேயே உயிரை விட்டார். லோரியானில் பெயின்ட் வேலை நடந்துகொண்டிருந்தது. எண்ணெயும் பெயின்டும் அப்புறப்படுத்தாமல் தளத்திலேயே கிடந்தன. அதுவே தீக்குத் தீனியானது. தீ தெரிந்த இடத்தையே குறிபார்த்துச் சுடும்படி ஸ்விஃப்ட்ஷரில் ஹாலோவெல் உத்தரவிட்டார். அணைக்க வந்தவர்களால் பக்கத்தில் நெருங்க முடியவில்லை.

கப்பல் வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் சுற்றி நின்றவை நங்கூரக் கயிற்றை வெட்டிக்கொண்டு விலகின. மிக அருகில் நின்ற ஹாலோவெல் விலகவில்லை. வெடித்தால் சிதறல்கள் உயரே எழும்பித் தன் கப்பலைத் தாண்டித்தான் விழும் என்பது அவர் கணக்கு. பீரங்கி வாசல்களையும் தளத்துத் திறப்புகளையும் மூடச் சொல்லிவிட்டு நின்றார். இரவு பத்து மணி அளவில் வெடிமருந்து அறையைத் தீ எட்டியது. அந்தச் சத்தத்துக்குப் பின் இரண்டு பக்கமும் பீரங்கிகள் தாமாகவே ஓய்ந்தன. சில நிமிடங்களுக்கு யாரும் யாரையும் சுடவில்லை. ஹாலோவெல்லின் கணக்கு சரியாக இருந்தது. எரியும் மரமும் கயிறும் மனித உறுப்புகளும் ஸ்விஃப்ட்ஷரின் தலைக்கு மேலே பறந்துபோய் அப்பால் விழுந்தன.

ஏறத்தாழ ஆயிரம் பேர் இருந்த கப்பலில் பிழைத்தவர்கள் மிகச் சிலர். கப்பலின் கேப்டன் காஸாபியாங்காவும் அவருடைய சிறுவயது மகனும் இறந்துபோனார்கள். அந்தப் பையனைப் பற்றி ஃபெலிஷியா ஹெமன்ஸ் எழுதிய கவிதையைப் பிறகு ஒரு நூற்றாண்டுக் காலம் ஆங்கிலப் பள்ளிக்கூடங்களில் மனப்பாடம் செய்யவைத்தார்கள். கொன்ற நாடே அந்தக் குழந்தையின் வீரத்தைத் தன் குழந்தைகளுக்குப் பாடமாக வைத்தது விநோதம்தான்.

நெல்சன் அந்த நேரத்தில் 'வான்கார்ட்' கப்பலில் கீழ்த்தளத்தில் கிடந்தார். இரும்புத் துண்டு ஒன்று நெற்றியைக் கிழித்து, தொங்கிய சதை பார்வை உள்ள ஒரே கண்ணையும் மறைத்துவிட்டது. இத்தோடு முடிந்தது என்றே நினைத்தார். லோரியான் எரிகிறது என்று சொன்னதும் எழுந்து மேலே வந்து பார்த்து, தத்தளிப்பவர்களைக் காப்பாற்றப் படகு அனுப்பச் சொன்னார். விடிந்தபோது பதின்மூன்று பிரெஞ்சுக் கப்பல்களில் இரண்டுதான் தப்பும் நிலையில் இருந்தன. அதில் ஒன்றில் வில்நெவ் என்ற துணைத்தளபதி இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வெற்றிச் செய்தியை லண்டனுக்கு அனுப்பியதோடு நெல்சன் நிற்கவில்லை. டுவால் என்ற லெப்டினென்டை அலெப்போ, பாக்தாத், பஸ்ரா வழியாகத் தரைமார்க்கமாகவே பம்பாய்க்கு அனுப்பினார். பிரெஞ்சுக் கப்பற்படை ஒழிந்தது, எகிப்திலிருந்து உங்களுக்கு இனி ஆபத்தில்லை என்று கவர்னருக்குத் தகவல். கிழக்கிந்தியக் கம்பெனி மகிழ்ந்துபோய் நெல்சனுக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. நம் பக்கம் இதன் விளைவு வேறு. வெளி உதவிக்கு வழியடைந்த திப்பு 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் விழுந்தார். ஹாலோவெல் சவப்பெட்டியோடு கடிதம் எழுதியது அதே மாதம்தான்.

இனி மரத்துக்கு வருவோம். வெடிப்பில் பிய்ந்து கடலில் மிதந்த நடுப்பாய்மரத்தின் ஒரு பெரிய துண்டை ஹாலோவெல்லின் ஆட்கள் இழுத்து ஏற்றினார்கள். மாதக்கணக்கில் அது ஸ்விஃப்ட்ஷரில் கிடந்தது. அதற்குள் நெல்சனின் உலகமே மாறிவிட்டது. லண்டனில் பிரபு பட்டம், துருக்கி சுல்தானிடமிருந்து வைரம் பதித்த தலையணி, நேப்பிள்ஸில் அரசரும் அரசியும் கைகூப்பாத குறை. தூதர் மனைவி எம்மா ஹாமில்டன் அவரைக் கிட்டத்தட்டக் கடவுளாக்கிவிட்டார். அவரும் எம்மாவிடம் மயங்கிக் கிடந்தார். புகழ்ச்சியில் தலைவரின் தலை கிறுகிறுத்துப்போகிறது, நீயும் சாகப்போகிறவன்தான் என்று யாராவது சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் ஹாலோவெல் பெட்டி செய்யச் சொன்னார் என்பார்கள். நெல்சன் தன் கேப்டன்களைச் சகோதரர்கள் என்றே அழைப்பார். அந்த உரிமையில் செய்ததாகத்தான் இதை எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எச்சரிக்கை பலித்ததா என்றால், நான் இல்லை என்றுதான் சொல்வேன். நெல்சன் பெட்டியை மூடியோடு நிமிர்த்தித் தன் கேபின் சுவரில் சாய்த்து வைத்தார். சாப்பாட்டு மேஜையில் அவர் உட்காரும் நாற்காலிக்கு நேர் பின்னால். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் அட்மிரலையும் பார்க்க வேண்டும், அவர் தலைக்குப் பின்னால் சவப்பெட்டியையும் பார்க்க வேண்டும். ஹாலோவெல் மரணத்தை நினைவுபடுத்த அனுப்பியதை நெல்சன் தன் வெற்றியை நினைவுபடுத்த வைத்துக்கொண்டார். கடைசியில் பழைய வேலைக்காரர் ஒருவர் கெஞ்சிக் கூத்தாடி அதைக் கீழே கொண்டுபோக வைத்தார். ஜூன் மாதம் 'ஃபூத்ரோயான்' கப்பலுக்கு மாறியபோது பெட்டியும் கூடவே போனது. சில நாள் மேல்தளத்திலேயே கிடந்தது. அதிகாரிகள் கூடி நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது நெல்சன் வந்து, ஆசை தீரப் பாருங்கள், ஆனால் உங்களில் ஒருவருக்கும் இது கிடைக்காது என்று சொன்னாராம்.

அதே ஃபூத்ரோயானில், அதே ஜூன் மாதத்தில் நடந்த இன்னொன்றை இதோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். நேப்பிள்ஸில் பிரெஞ்சு ஆதரவுக் குடியரசு கவிழ்ந்து, அரசர் தரப்பு திரும்ப வந்துகொண்டிருந்தது. நேப்பிள்ஸ் கப்பற்படையில் அட்மிரலாக இருந்து குடியரசு பக்கம் சாய்ந்த பிரான்செஸ்கோ காராச்சியோலோவைப் பிடித்து நெல்சனின் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். காலையில் கொண்டுவந்தவருக்கு அன்றே விசாரணை, அன்றே தீர்ப்பு, அன்று மாலையே தூக்கு. தூக்கு வேண்டாம், சிப்பாய் போலச் சுட்டுக் கொல்லுங்கள் என்று அந்த மனிதர் கேட்டார். நெல்சன் இணங்கவில்லை. 'மினர்வா' கப்பலின் பாய்மரக் குறுக்குச்சட்டத்தில் தொங்கவிட்டு, பொழுது சாய்ந்ததும் காலில் குண்டுகளைக் கட்டிக் கடலில் போட்டார்கள். சில நாள் கழித்து அரசர் ஃபெர்டினாண்ட் ஃபூத்ரோயானில் வந்து தங்கியிருந்தபோது, அந்த உடல் இடுப்பளவு நீருக்கு மேலே நிமிர்ந்தபடி மிதந்து வந்தது. அரசர் வெலவெலத்துப்போனார். பிறகு நேப்பிள்ஸில் ஒரு சிறு தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். தனக்குச் சவப்பெட்டி தயாராக வைத்திருந்த ஓர் அட்மிரல், இன்னோர் அட்மிரலுக்குச் சவப்பெட்டி மறுத்த இடம் அது. நெல்சனின் வாழ்க்கையில் இதைவிடக் கறுத்த பக்கம் எனக்குத் தெரியவில்லை. அவருடைய பக்தர்கள் சட்டநுணுக்கம் பேசி இதைத் தாண்டிப்போகப் பார்ப்பார்கள்.

பெட்டி செய்த கப்பலுக்கும் விதி சும்மா விடவில்லை. 1801 ஜூனில் ஆப்பிரிக்க வடகரையோரம் ஸ்விஃப்ட்ஷரைப் பிரெஞ்சுக்காரர்கள் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள். ஹாலோவெல் கைதியானார். கப்பலை அதே பெயரில் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வருடம் நெல்சன் கோபன்ஹேகனில் டேனியக் கப்பல்களை நொறுக்கி இன்னொரு படி மேலே போனார். சவப்பெட்டி லண்டனுக்கு வந்து, ப்ரூவர் தெருவில் மெத்தையும் மரச்சாமானும் செய்யும் ஒருவரிடம் பத்திரமாக இருந்தது.

1805 ஆகஸ்டில் இரண்டு வருடத்துக்குப் பிறகு ஊர் திரும்பிய நெல்சனுக்குக் கிடைத்தது மூன்றரை வாரம். மெர்ட்டன் வீட்டில் எம்மா, அவர்களுடைய குழந்தை ஹொராஷியா, ஓயாமல் விருந்தினர்கள். செப்டம்பர் 12 அன்று லண்டன் அமைச்சக அலுவலகத்தில் காத்திருந்தபோது, இந்தியாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த ஆர்தர் வெல்லெஸ்லியைச் சந்தித்தார். பின்னாளின் வெலிங்டன். இருவரும் பார்த்துக்கொண்டது அந்த ஒரே முறை. முதலில் தன் பெருமையையே பேசிய நெல்சன், எதிரே இருப்பவர் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்ததும் முற்றிலும் வேறு மனிதராகப் பேசினார் என்று வெலிங்டன் பிறகு சொல்லியிருக்கிறார். ப்ரூவர் தெருக் கடைக்கும் நெல்சன் போனார். பெட்டியின் மூடியில் அதன் வரலாற்றைப் பொறித்துவைக்கச் சொன்னார். திரும்பி வரும்போது தேவைப்படலாம் என்றாராம். 13ஆம் தேதி இரவு மெர்ட்டனிலிருந்து கிளம்பினார்.

அக்டோபர் 21, ட்ரஃபால்கர். எதிரே தலைமை ஏற்றிருந்தவர் ஏழு வருடத்துக்கு முன் அபுகிரில் தப்பித்துப் போன வில்நெவ். போரின் போக்கை இங்கே விவரிக்கப்போவதில்லை. சவப்பெட்டிக்கு உறவானவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்பது மட்டும் போதும். ஹாலோவெல் அங்கே இல்லை. 'டிக்ர்' என்ற கப்பலோடு தண்ணீரும் பொருள்களும் ஏற்ற ஜிப்ரால்டர் பக்கம் அனுப்பியிருந்ததால் போரைத் தவறவிட்டார். அவருடைய பழைய ஸ்விஃப்ட்ஷர் அங்கே இருந்தது, பிரெஞ்சுக் கொடியோடு. நெல்சனுக்குப் பெட்டி செய்த கப்பல், நெல்சன் சாகும் நாளில் எதிரணியில் நின்றது. பிரிட்டிஷ் தரப்பிலும் புதிதாகக் கட்டிய இன்னொரு ஸ்விஃப்ட்ஷர் இருந்தது. நெல்சனைச் சுட்டது 'ரெதுதாப்ள்' கப்பலின் பாய்மர உச்சியில் இருந்த ஒருவர். சண்டை முடிந்ததும் அந்தக் கப்பலைக் கட்டி இழுத்தது புதிய ஸ்விஃப்ட்ஷர்தான். மறுநாள் புயலில் அது இழுபட்டபடியே மூழ்கியது. பழைய ஸ்விஃப்ட்ஷரை பிரிட்டிஷார் மீட்டார்கள். ஒரே பெயரில் இரண்டு கப்பல் வைத்துக்கொள்ள முடியாமல் அதற்கு 'இர்ரெசிஸ்டபிள்' என்று வேறு பெயர் கொடுத்தார்கள். கதாசிரியர் எவராவது இப்படி எழுதியிருந்தால் பத்திரிகை ஆசிரியர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் குண்டு பட்ட நெல்சன், நாலரை மணிக்கு இறந்தார். கப்பலில் இறந்தவர்களைக் கடலில் போடுவதுதான் வழக்கம். தன்னை அப்படிப் போட வேண்டாம் என்று தன் கப்பலான 'விக்டரி'யின் கேப்டன் ஹார்டியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் வில்லியம் பீட்டிக்கு வந்தது சிக்கல். ஈயம் கிடையாது, சவப்பெட்டி லண்டனில் இருக்கிறது. தலைமுடியை எம்மாவுக்காக வெட்டி எடுத்துவிட்டு, கப்பலில் இருந்த பெரிய பீப்பாய் ஒன்றில் உடலை இறக்கிப் பிராந்தி ஊற்றி மூடினார். ஜிப்ரால்டரில் அதோடு வேறு சாராயமும் சேர்ந்தது. பீப்பாய்க்குக் காவல் போட்டிருந்தார்கள். மாலுமிகள் குழாய் வைத்து உறிஞ்சிக் குடித்தார்கள் என்ற கதை பிறகு கிளம்பியது. நல்ல கதை, ஆனால் நடந்ததல்ல. பிராந்தியைவிட ரம் நல்லதில்லையா என்று ஊரில் கேட்டவர்களுக்குப் பீட்டி தன் புத்தகத்தில் பொறுமையாகப் பதில் எழுதவேண்டி வந்தது.

'விக்டரி' டிசம்பர் 4ஆம் தேதி ஸ்பிட்ஹெட் வந்தது. 11ஆம் தேதி பீட்டி உடலை வெளியே எடுத்துப் பரிசோதித்து, முதுகெலும்பைத் துளைத்துச் சென்று தங்கியிருந்த ஈயக்குண்டை எடுத்தார். அது இன்று வின்சர் மாளிகையில் இருக்கிறது. தேம்ஸ் நதியின் வாயிலில் கப்பல் நின்றபோது, ப்ரூவர் தெருவிலிருந்து பெட்டி வந்து சேர்ந்தது. சட்டையும் காலுறையும் கழுத்துத்துணியும் இரவுத்தொப்பியுமாக நெல்சனை லோரியானின் மரத்துக்குள் கிடத்தினார்கள். ஆறரை வருடம் காத்திருந்த பெட்டி ஒருவழியாக ஆளைச் சேர்த்துக்கொண்டது. அதை ஈயப்பெட்டியில் வைத்து மூடி, அதையும் இன்னொரு மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். 'சாத்தம்' என்ற படகில் க்ரீனிச்சுக்குப் பயணம்.

அதற்குப்பின் பாய்மரத்தை யாரும் பார்க்கவில்லை. க்ரீனிச்சின் சித்திரக்கூடத்தில் 1806 ஜனவரி 5 முதல் மூன்று நாள் முண்டியடித்து வந்த கூட்டம் பார்த்தது வெளிப்பெட்டியை மட்டும்தான். கறுப்பு வெல்வெட் போர்த்தி, தங்க முலாம் பூசிய சின்னங்கள் பதித்தது. நைல் போர் என்று பெயர்பெற்ற அபுகிர் வெற்றிக்காக ஒரு முதலைகூட இருந்தது. நண்பர் ஒருவர் முரட்டுத்தனமாகச் செய்த விளையாட்டை அரசாங்கம் வெல்வெட்டால் மூடி மரியாதைக்குரியதாக்கிவிட்டது.

9ஆம் தேதி செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம். முப்பதுக்கும் மேற்பட்ட அட்மிரல்கள், நூற்றுக்கும் மேற்பட்ட கேப்டன்கள். போர்க்கைதியாக இங்கிலாந்தில் இருந்த வில்நெவையும் வர அனுமதித்தார்கள். எம்மாவுக்கு அழைப்பில்லை. விக்டரியின் மாலுமிகள் தங்கள் கப்பலின் கொடியை மடித்துப் பெட்டிமேல் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் அதைக் கிழித்து ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். அந்த நாள் முழுக்க நடந்த சடங்குகளில் யாரும் எழுதிக்கொடுக்காமல் நடந்தது அது ஒன்றுதான்.

நிலவறையில் வைத்த பெட்டிக்கு மேலே ஒரு கல்பேழை வேண்டியிருந்தது. அதற்கும் புதிதாகச் செய்யவில்லை. எட்டாம் ஹென்றியின் காலத்தில் அரசருக்கு அடுத்த நிலையில் இருந்த கார்டினல் உல்ஸி, 1524 வாக்கில் பெனெதெத்தோ தா ரொவெத்ஸானோ என்ற ஃபுளோரன்ஸ் சிற்பியிடம் தனக்கொரு கல்லறை செய்யச் சொன்னார். கறுப்புப் பளிங்கில் பேழை, சுற்றிலும் வெண்கலத் தூண்கள், தேவதைகள். வேலை முடியுமுன் அரசரின் விவாகரத்து விஷயத்தில் உல்ஸி பதவியிழந்து, 1530இல் இறந்தும்போனார். ஹென்றி அந்தக் கல்லறையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். அவருக்கும் அதில் படுக்கக் கொடுத்துவைக்கவில்லை. அடுத்த நூற்றாண்டில் உள்நாட்டுப் போர் வந்தபோது பாராளுமன்றம் வெண்கலத்தை விற்றுக் காசாக்கியது. பெரிய மெழுகுவர்த்தித் தாங்கிகள் நான்கு இன்றும் பெல்ஜியத்தின் கென்ட் நகரத் தேவாலயத்தில் நிற்கின்றன. தேவதைகளில் நான்கு எப்படியோ கைமாறி, வெலிங்பரோ என்ற ஊரில் கோல்ஃப் கிளப்பாக மாறிய ஒரு மாளிகையின் வாசல்தூண்கள்மேல் யாருக்கும் அடையாளம் தெரியாமல் நின்றிருக்கின்றன. 2015இல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவற்றை 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. விற்க முடியாத கறுப்புப் பேழை மட்டும் வின்சரில் இருநூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக வெறுமனே கிடந்தது. மூன்றாம் ஜார்ஜ் அதை நெல்சனுக்குக் கொடுத்தார். ஆக, செயின்ட் பாலின் குவிமாடத்துக்கு நேர்கீழே இருப்பது ஓர் இத்தாலியச் சிற்பி ஓர் ஆங்கிலப் பாதிரியாருக்குச் செய்து, ஓர் அரசர் பறித்துக்கொண்டு, ஒருவருக்கும் பயன்படாமல் போன கல். அதற்குக் கீழே ஒரு பிரெஞ்சுப் பாய்மரம். உச்சியில் நெல்சனின் பட்டத்துக்குரிய கிரீடம்.

நாடு குடும்பத்துக்கும் தாராளமாகவே செய்தது, தான் அங்கீகரித்த குடும்பத்துக்கு. ஒரு சண்டையையும் பார்த்திராத பாதிரியார் அண்ணன் வில்லியமுக்கு எர்ல் பட்டமும் வாரிசுகளுக்கு வருடம் 5,000 பவுண்டும். அந்தப் பென்ஷனை முடிவுக்குக் கொண்டுவர 1947இல் சட்டம் போட வேண்டியிருந்தது. எம்மாவையும் குழந்தையையும் நாட்டின் பொறுப்பில் விடுகிறேன் என்று நெல்சன் போரன்று காலை எழுதிவைத்த குறிப்புக்கு ஒரு பென்னி கிடைக்கவில்லை. கடனில் சிறைக்குப் போய், 1815 ஜனவரியில் பிரான்சின் கலே நகரில் எம்மா இறந்தார். ஹாலோவெல் அட்மிரலாகி 1834வரை வாழ்ந்தார்.

மிச்ச மரம் அபுகிரின் கடலடியில் இருந்தது. 1998-99இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஃப்ராங்க் கோதியோவின் குழு அங்கே இறங்கித் தேடியது. பீரங்கிகள், நாணயங்கள், நெப்போலியன் கொண்டுபோன அச்சகத்தின் ஈய எழுத்துகள் எல்லாம் பரந்த பரப்பில் சிதறிக் கிடந்தன. கப்பலின் சுக்கானும் கிடைத்தது. அதில் பொறித்திருந்த பெயர் 'தோஃபான் ரோயால்'. புரட்சிக்காரர்கள் இரண்டு தடவை பெயர் மாற்றியும் தண்ணீருக்கு அடியிலிருந்த பகுதியில் யாரும் கைவைக்கவில்லை.

விரிகுடாவின் முகத்தில் நெல்சன் பெயரால் வழங்கும் சிறு தீவு ஒன்று உண்டு. அங்கே தோண்டியபோது 1798 போரிலும், மூன்று வருடம் கழித்து பிரிட்டிஷ் படை இறங்கிய சமயத்திலும் செத்தவர்களின் குழிகள் வெளிப்பட்டன. கடல் அரித்துக்கொண்டுபோகும் முன்பாக முப்பது பேரின் எலும்புகளை எடுத்து, 2005 ஏப்ரலில் அலெக்சாந்திரியாவின் சாத்பி கல்லறையில் மறு அடக்கம் செய்தார்கள். ஆளுக்கொரு சவப்பெட்டி. சுமந்தவர்கள் பிரிட்டிஷ் கடற்படையின் 'சாத்தம்' போர்க்கப்பலைச் சேர்ந்தவர்கள், நெல்சனை க்ரீனிச்சுக்குக் கொண்டுபோன படகின் அதே பெயர். முப்பது பேரில் அடையாளம் தெரிந்தது கமாண்டர் ஜேம்ஸ் ரஸ்ஸல் ஒருவருடையதுதான்.